நான்கு முளை, ஒரு கயிறு: பலகோணத்தைத் தரையில் இறக்கிப் படிப்பது எப்படி

பலகோணப் பாடத்தைக் காகிதத்தில் மட்டும் படித்தவர்கள் சூத்திரத்தை மடமடவென்று சொல்லிவிடுவார்கள். அவர்களையே ஐந்து மூலை கொண்ட ஒரு வயல் வரப்பில் நிறுத்தி, "இதன் வடிவத்தை அப்படியே தாளில் கொண்டுவர எத்தனை அளவு எடுக்க வேண்டும்?" என்று கேட்டால் விழிப்பார்கள். பெரும்பாலும் "ஐந்து" என்றே பதில் வரும். ஐந்து போதாது, ஏழு வேண்டும். கூடுதலாக வேண்டியிருக்கும் அந்த இரண்டும் மூலைவிட்டங்கள். அவை எதற்கு என்று புரிந்துவிட்டால் பலகோணத்தில் பாதி புரிந்த மாதிரி.

இடம் தேடி அலைய வேண்டியதில்லை. சம்பா அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் காய்ந்து கிடக்கும் வயல், களத்துமேடு, பள்ளி மைதானம், மொட்டைமாடி எதுவானாலும் சரி. வயலில் செய்வதானால் மண் ஓரளவு ஈரமாக இருக்கும்போதே முளை அடித்துவிடுங்கள். சித்திரையில் பாளம் பாளமாக வெடித்த பிறகு அடித்தால் முளை ஆடும், வெடிப்புக்குள் சரியும்.

வேண்டிய சாமான்

100 அடி ஃபைபர் டேப் ஒன்று, ஒன்றரை அடி நீளத்தில் எட்டு முளைக்குச்சிகள், கொத்தனார் நூல்கண்டு ஒன்று, கோலமாவு அல்லது சுண்ணாம்புத் தூள். இவற்றோடு ஒரே அளவில் வெட்டிய மூங்கில் பட்டைகள் ஆறும், அவற்றைப் பூட்டச் சின்ன போல்ட்டு நட்டும் வேண்டும்.

அளப்பதற்குக் கயிற்றை நம்பாதீர்கள். நைலான் கயிறு இழுக்க இழுக்க நீளும், பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும், தேங்காய் நார்க் கயிற்றில் எது நேர் என்றே தெரியாது. வட்டம் சுழற்றவும் நேர்க்கோடு பிடிக்கவும் கயிறு போதும். எண்ணைப் படிக்க டேப்தான். டேப்பிலும் ஒரு பொறி உண்டு. சிலவற்றில் சுழியம் வளையத்தின் வெளி விளிம்பிலிருந்து தொடங்கும், சிலவற்றில் சற்றுத் தள்ளி அச்சிட்டிருக்கும். எடுத்தவுடன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் பார்க்காமல் அளந்தால் ஒவ்வொரு அளவிலும் அதே பிழை சேரும்.

எது பலகோணம்

நேர்க்கோடுகளால் மட்டும் சூழப்பட்டு, எங்கும் திறக்காமல், ஒரு கோடு இன்னொன்றைக் குறுக்கே வெட்டாமல் இருந்தால் அது பலகோணம். எத்தனை பக்கமோ அத்தனை மூலை. பாடநூல் மூலையை 'உச்சி' என்கிறது. களத்தில் எல்லோரும் மூலை என்றே சொல்வதால் இங்கேயும் மூலைதான்.

வாய்க்கால் வளைந்து ஓடும் பக்கம் என்ன செய்வது? வளைவில் பத்து இருபது அடிக்கு ஒரு முளை அடித்து, முளைக்கு முளை நேராக நூல் பிடித்துவிட்டால் அது பல சின்னப் பக்கங்களாகிவிடும். வளைவு கடுமையாக இருக்கும் இடத்தில் முளையை நெருக்கி அடியுங்கள்.

அறுகோணம் என்றால் தேன்கூடு மட்டும்தான் என்று நினைப்பது புதியவர்களுக்கு வழக்கம். பம்புசெட் கொட்டகைக்காக ஒரு மூலையைச் சதுரமாக விட்டுக்கொடுத்த வயலை எண்ணிப் பாருங்கள்: ஆறு பக்கம், ஆறு மூலை. அதுவும் அறுகோணம்தான். ஐந்து மூலையில் 90 பாகை, உள்வாங்கிய மூலையில் 270 பாகை. கூட்டினால் 720. தேன்கூட்டு அறுகோணத்திலும் ஆறு 120 சேர்ந்து அதே 720. வடிவம் எப்படி மாறினாலும் உட்கோணங்களின் கூட்டுத்தொகை பக்க எண்ணிக்கையை மட்டுமே பொறுத்தது. பக்கங்களில் இரண்டைக் கழித்து 180-ஆல் பெருக்குங்கள், அவ்வளவுதான். ஒரு மூலையிலிருந்து மூலைவிட்டங்கள் இழுத்தால் உருவம் அத்தனை முக்கோணமாகப் பிரிவதே காரணம். உள்வாங்கிய மூலை இருந்தாலும் உருவத்துக்குள்ளேயே மூலைவிட்டம் இழுத்து முக்கோணங்களாக்க முடியும். எல்லாவற்றையும் ஒரே மூலையிலிருந்து இழுக்க முடியும் என்பது மட்டும் உறுதியில்லை.

வரப்பில் நடந்தும் இதைச் சரிபார்க்கலாம். உள்வாங்கிய மூலை இல்லாத ஒரு வயலைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு மூலையிலும் எவ்வளவு திரும்பினீர்களோ அதைக் கூட்டினால் சரியாக ஒரு முழுச் சுற்று, 360 பாகை. மூன்று மூலையோ முப்பது மூலையோ, மாறாது.

நான்கு மூங்கில் பட்டைகள்

துளைக்குத் துளை 20 அங்குலம் வரும்படி நான்கு பட்டைகளை எடுத்து, மூலைக்கு ஒரே ஒரு போல்ட்டு போட்டுப் பூட்டுங்கள். இரண்டு ஆணி அடித்துவிட்டால் மூலை விறைத்துப் போய், பார்க்க வேண்டிய விஷயம் தெரியாமல் போகும். இப்போது சட்டத்தைத் தரையில் வைத்து ஒரு பக்கமாகத் தள்ளினால் சாயும். பக்கங்களில் ஒன்றுகூட மாறவில்லை. நான்கும் 20 அங்குலம்தான். ஆனால் உள்ளே இருக்கும் இடம் குறைந்துகொண்டே போகிறது.

சதுரமாக நிறுத்தியபோது இரண்டு மூலைவிட்டமும் 28.28 அங்குலம், பரப்பு 400 சதுர அங்குலம். குட்டை மூலைவிட்டம் 24 ஆகும்வரை தள்ளினால் நெட்டையானது 32. பரப்பு இரண்டையும் பெருக்கியதில் பாதி, 384. குட்டையை 20 ஆக்கினால் பரப்பு 346. இன்னும் அழுத்தி 10 ஆக்கினால் 194-க்கு வந்துவிடும். அதாவது, "நாலு பக்கமும் சமம்" என்று ஒருவர் சொன்னால் பரப்பைப் பற்றி அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்றே பொருள்.

இதே சோதனையை மூன்று பட்டைகளோடு செய்து பாருங்கள். எத்தனை தள்ளினாலும் முக்கோணம் அசையாது. நான்கு பட்டைச் சட்டத்தில் குறுக்கே ஒரு பட்டையைப் பூட்டினால் அது இரண்டு முக்கோணமாகி நின்றுவிடும். ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கு மூன்று குறுக்குப் பட்டைகள் வேண்டும். பொதுவாக, பக்க எண்ணிக்கையில் மூன்றைக் கழித்தால் வருவது. கொட்டகை போடுகிறவர்கள் மூலைக்கு மூலை சாய்வாகக் கம்பு கட்டுவதும் இதனால்தான். கட்டாமல் விட்டால் முதல் காற்றிலேயே கொட்டகை ஒரு பக்கம் சாயும்.

மூலைவிட்டங்களை எண்ணுதல்

அடுத்தடுத்து இல்லாத இரண்டு மூலைகளை இணைப்பது மூலைவிட்டம். ஒரு மூலையில் நின்றால், அந்த மூலையையும் இரு பக்கத்து மூலைகளையும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் நூல் பிடிக்கலாம். ஏழு மூலை என்றால் ஒவ்வொன்றிலிருந்தும் நான்கு, ஆக 28. இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். இந்த முனையிலிருந்து ஒரு தடவையும் அந்த முனையிலிருந்து இன்னொரு தடவையும் என்று ஒரே நூலை இரண்டு முறை எண்ணியிருக்கிறோம். பாதியாக்கினால் 14. இப்படியே நாற்கோணத்துக்கு 2, ஐங்கோணத்துக்கு 5, அறுகோணத்துக்கு 9, எண்கோணத்துக்கு 20, பத்துக்கோணத்துக்கு 35. முக்கோணத்துக்கு ஒன்றுமில்லை, அதனால்தான் அது தானாகவே நிற்கிறது.

ஒரு வயலை அளந்து பார்ப்போம்

வடக்கு வரப்பு 110 அடி, மேற்கு 120 அடி, தெற்கு 160 அடி. கிழக்கே வாய்க்கால் சாய்வாகப் போவதால் அந்த வரப்பு 130 அடி. ஊர்க்கணக்கில் இதை எப்படிப் போடுவார்கள்? எதிரெதிர் வரப்புகளைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்குவார்கள். வடக்கும் தெற்கும் சேர்ந்து பாதி 135, கிழக்கும் மேற்கும் சேர்ந்து பாதி 125. பெருக்கினால் 16,875 சதுர அடி.

இப்போது மூலைவிட்டத்தோடு அளப்போம்.

முதலில் நான்கு மூலையிலும் முளை. வரப்பின் நடுவில் அடிப்பதா, உள் விளிம்பில் அடிப்பதா என்பதை முன்பே முடிவுசெய்து நான்கிலும் ஒரே மாதிரி அடியுங்கள். இரண்டடி அகல வரப்பில் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று அடித்தால் பின்னால் வரும் கணக்கெல்லாம் வீண்.

அடுத்து, நீளமான மூலைவிட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். இந்த வயலில் அது வாயு மூலையிலிருந்து (வடமேற்கு) அக்னி மூலைக்கு (தென்கிழக்கு) போவது. அளந்தால் 200 அடி. டேப் 100 அடிதான் என்பதால் இடையில் ஒரு முளை அடிக்க வேண்டும். அந்த முளை நூலைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும், சற்று விலகினாலும் அளவு கூடிவிடும்.

மூன்றாவதாக, மற்ற இரு மூலைகளிலிருந்தும் இந்த நூலுக்குச் செங்குத்துத் தூரம் எடுக்க வேண்டும். சுழிய முனையை ஈசானிய (வடகிழக்கு) மூலை முளையில் மாட்டி, டேப்பை இறுக்கிப் பிடித்து நூலின் மேல் இப்படியும் அப்படியுமாக நகர்த்துங்கள். எந்த இடத்தில் எண் ஆகக் குறைவோ அதுதான் செங்குத்துத் தூரம். ஈசானிய மூலைக்கு 66 அடி, நூலைத் தொடும் இடம் வாயு மூலையிலிருந்து 88 அடியில். கன்னி (தென்மேற்கு) மூலைக்கு 96 அடி, தொடும் இடம் 72 அடியில்.

கணக்கு சுலபம்: 66-ஐயும் 96-ஐயும் கூட்டி, 200-ஆல் பெருக்கி, பாதியாக்கினால் 16,200 சதுர அடி. சென்ட்டுக்கு 435.6 சதுர அடி வீதம் 37 சென்ட்டும் கொஞ்சமும். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குழிக்கணக்கில், 12 அடிக் கோலுக்கு ஒரு குழி 144 சதுர அடி. எனவே 112.5 குழி, அதாவது ஒரு மா 12.5 குழி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி.

ஊர்க்கணக்கில் 675 சதுர அடி கூடுதலாகக் காட்டியது. கிட்டத்தட்ட ஒன்றரை சென்ட். தற்செயலாக இந்த வயலில் மட்டும் அப்படி வந்துவிடவில்லை. செவ்வகத்தைத் தவிர வேறு எந்த நாற்கர நிலத்துக்கும் அந்த முறை கூடுதலாகவே காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. இன்னொன்றும் உண்டு. 110, 130, 160, 120 என்ற இந்த நான்கு பக்கங்களை எப்படிச் சாய்த்து வைத்தாலும் 16,523 சதுர அடிக்கு மேல் இடம் வராது. நான்கு மூலையும் ஒரே வட்டத்தின் மேல் அமையும்போது கிடைக்கும் உச்ச அளவு அது. 7-ஆம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் தந்த சூத்திரத்தால் அதைக் கணக்கிடலாம். ஊர்க்கணக்கு சொல்லும் 16,875 அந்த உச்சத்தையும் தாண்டிவிட்டது. விற்பவருக்குப் பிடித்த கணக்கு; வாங்குபவர் யோசிக்க வேண்டியது.

கடைசியாக, இரண்டாவது மூலைவிட்டத்தையும் அளந்துவிடுங்கள். ஈசானிய மூலையிலிருந்து கன்னி மூலைக்கு 162 அடி ஒன்பதரை அங்குலம் வர வேண்டும். நான்கு பக்கமும் ஒரு மூலைவிட்டமும் சேர்ந்து ஐந்து அளவிலேயே வடிவம் முடிந்துவிட்டது. ஆறாவது, முந்தைய ஐந்தும் சரியா என்று பார்க்க. அரை அடிக்கு மேல் விலகினால் எங்கோ தவறாகப் படித்திருக்கிறீர்கள். பொதுக்கணக்கு இது: பக்க எண்ணிக்கையை இரட்டித்து மூன்றைக் கழித்தால் தேவையான அளவுகளின் எண்ணிக்கை. ஐந்து மூலைக்கு ஏழு.

ஐந்து மூலை வயலில் இரண்டு மூலைவிட்டம் பிடித்து மூன்று முக்கோணமாக்க வேண்டும். எந்த இரண்டு? கூடியவரை முக்கோணங்கள் கொழுத்து இருக்கும்படி பாருங்கள். ஊசி போல மெலிந்த முக்கோணத்தில் ஒரு பக்கத்தை இரண்டு அங்குலம் தவறாகப் படித்தாலே மூலை அடிக்கணக்கில் இடம்பெயர்ந்துவிடும். உள்வாங்கிய மூலை இருந்தால், சில மூலைவிட்டங்கள் அடுத்தவர் வயல் வழியாகப் போகும். அதைத் தவிருங்கள், அல்லது வெளியே போன முக்கோணத்தின் பரப்பைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எஃப்எம்பி என்று எல்லோரும் சொல்லும், அரசு நில அளவைப் புலப்படத்தை எடுத்துப் பார்த்தால், எல்லைக்கோடுகளுக்கு நடுவே மூலைக்கு மூலை கோடுகள் ஓடுவதையும் அவற்றின் மேல் எண்கள் இருப்பதையும் காணலாம். அவற்றின் அடிப்படையும் இதே வழிதான். ஆனால் நீங்களே அளந்ததை வைத்து வரப்புத் தகராறுக்குப் போய் நிற்காதீர்கள். அதற்கு மனு போட்டு அரசு சர்வேயரை வரவழைப்பதுதான் முறை.

வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் முன்

வீட்டுக்கு நூல் பிடிக்கும்போது வேண்டியது செவ்வகம். 30-க்கு 40 அடி என்றால் இரண்டு மூலைவிட்டமும் 50 அடி. எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்து, மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் நான்கு மூலையும் செங்கோணம். மூலைவிட்டம் மட்டும் சமமாக இருந்தால் போதாது. மேல் பக்கம் குறுகி, கீழ்ப் பக்கம் அகன்று, இரு சாய்வும் சமமாக இருக்கும் சரிவகத்திலும் மூலைவிட்டங்கள் சமம்தான்.

மூலைமட்டத்தை மட்டும் வைத்து மூலை பார்த்தால் என்ன ஆகும்? இரண்டடிச் சட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசகு, 30 அடி தள்ளிப் போகும்போது அரை அடியாகும். மூலைவிட்டத்தில் அது ஒளியாது. நம் செவ்வகம் அரை அடி சாய்ந்தால் ஒரு மூலைவிட்டம் 50 அடி 5 அங்குலத்தை ஒட்டியும் மற்றது 49 அடி 7 அங்குலத்தை ஒட்டியும் நிற்கும்; வித்தியாசம் ஒன்பதரை அங்குலம். ஆறு அங்குலப் பிசகை ஒன்பதரையாகப் பெருக்கிக் காட்டுகிறது. திருத்தும்போது ஒரு முளையை மட்டும் நகர்த்தாதீர்கள். ஒரு 40 அடிப் பக்கத்தின் இரண்டு முளையையும் சேர்த்து, நீளமான மூலைவிட்டம் குறையும் திசையில், அதே நூல்கோட்டிலேயே தள்ளுங்கள்.

அறுகோணமும் கோலப்புள்ளியும்

எல்லாப் பக்கமும் சமம், எல்லாக் கோணமும் சமம் என்றால் அது ஒழுங்குப் பலகோணம். அவற்றில் கயிற்றுக்கு மிகவும் இணங்குவது அறுகோணம். அதைச் சுற்றிய வட்டத்தின் ஆரமும் பக்கமும் ஒரே அளவு.

நடு முளையில் 4 அடி நூல் கட்டி வட்டம் போடுங்கள். அதே 4 அடியை வட்டத்தின் மேல் ஆறு முறை வைத்துக்கொண்டே போனால் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும் என்பது பாடம். நடைமுறையில் வராது. கோலமாவுக் கோடு கனமாக இருக்கும், ஒவ்வொரு அடையாளத்திலும் கால் அங்குலம் பிசகும், ஆறாவதில் ஒன்றரை அங்குலம் இடிக்கும். அதனால் முதலில் நடு முளை வழியாக ஒரு விட்டம் போடுங்கள். அதன் ஒரு முனையிலிருந்து 4 அடியில் இருபுறமும் இரண்டு அடையாளம், மறுமுனையிலிருந்து அதேபோல் இரண்டு. எந்த அடையாளமும் ஒரு படிக்கு மேல் தள்ளிப் போகாததால் பிழை சேராது.

ஒன்பது மூலைவிட்டத்தில் மூன்று நெட்டை, நடு வழியாகப் போகும், 8 அடி. மீதி ஆறும் குட்டை, ஒன்றுவிட்ட மூலைகளை இணைப்பவை, 6 அடி 11 அங்குலம். அந்த ஆறையும் போட்டுப் பார்த்தால் வாசலில் 'அறுகோணம்' என்று போடுகிற நட்சத்திரம் வந்து நிற்கும். அதன் வெளிவிளிம்பை மட்டும் எண்ணினால் பக்கம் பன்னிரண்டு. வழக்கை மாற்றச் சொல்லவில்லை. தேர்வில் எழுதும்போது கவனம்.

ஊடுபுள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு அறுகோணம் கைவந்தது. "15 புள்ளி, 8 வரை" என்றால் நடு வரிசையில் 15, மேலும் கீழும் 14, 13 என்று குறைந்து 8-இல் நிறுத்துவது. மொத்தம் 15 வரிசை, 169 புள்ளி. ஆறு விளிம்பிலும் எட்டெட்டுப் புள்ளி. "7 புள்ளி, 4 வரை" என்றால் 37 புள்ளி.

கெடுவது எங்கே? புள்ளிக்குப் புள்ளி 2 அங்குலம் விட்டு, வரிசைக்கு வரிசையும் 2 அங்குலம் விடுவதில். அப்போது அகலம் 28 அங்குலம், உயரமும் 28 ஆகி, கோலம் மேலும் கீழும் இழுத்த மாதிரி நிற்கும். வரிசை இடைவெளி ஒன்றே முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும்; உயரம் 24.25 ஆகும். பழகிய கை இதை அளப்பதில்லை. மேல் வரிசைப் புள்ளியை வைக்கும்போது கீழே உள்ள இரண்டு புள்ளிக்கும் சம தூரமாக, அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியே வரும்படி வைக்கும். சமபக்க முக்கோணம் தானாகவே அமைகிறது.

சமச்சீர்: மடிப்பதும் சுழற்றுவதும்

உருவத்தைத் தாளில் வெட்டி மடியுங்கள். இரண்டு பாதியும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தினால் மடிப்புதான் சமச்சீர்க் கோடு. பொருந்துகிறதா என்பதைக் கையால் மடித்துத்தான் முடிவு செய்ய வேண்டும், கண் ஏமாற்றும். செவ்வகத்தின் மூலைவிட்டத்தைச் சமச்சீர்க் கோடு என்று எழுதாத மாணவரைக் காண்பது அரிது. ஒரு துண்டு வேட்டியை மூலைக்கு மூலை மடித்துப் பாருங்கள், இரண்டு முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். செவ்வகத்துக்கு இரண்டே கோடுகள்தான், இரண்டும் பக்கங்களின் நடு வழியாகப் போகும். சாய்சதுரத்துக்கும் இரண்டு, ஆனால் அவை மூலைவிட்டங்கள். சதுரத்துக்கு இந்த நான்கும் உண்டு.

இணைகரத்துக்கு ஒரு சமச்சீர்க் கோடும் கிடையாது. ஆனாலும் நடுவில் ஊசி குத்தி அரைச் சுற்றுச் சுற்றினால் அதே இடத்தில் பொருந்தும். இது சுழல் சமச்சீர். வாசலில் போடும் சிக்குக் கோலங்கள் பலவற்றிலும் இந்த நிலைதான்: கால் சுற்றுக்குக் கால் சுற்று அப்படியே பொருந்தும், நடுவில் கண்ணாடி வைத்தால் பொருந்தாது. கம்பி மேலும் கீழுமாகப் பின்னிப்போகும் திசை கண்ணாடியில் தலைகீழாகிவிடுகிறது. 1970-களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் பணியாற்றியோரும் கோலங்களை இலக்கண விதிகளாக எழுதி ஆராய்ந்தபோது, இந்த வாசல் கைவேலை கணினியியலுக்குள் போய்ச் சேர்ந்தது.

ஒழுங்குப் பலகோணத்தில் எத்தனை பக்கமோ அத்தனை சமச்சீர்க் கோடுகள். பக்கம் ஒற்றைப்படை என்றால் ஒவ்வொரு கோடும் ஒரு மூலையில் தொடங்கி எதிர்ப்பக்கத்தின் நடுவில் முடியும். இரட்டைப்படை என்றால் பாதி மூலைக்கு மூலை, பாதி பக்க நடுவுக்குப் பக்க நடு.

எட்டுப்பட்டை

காவிரிக்கரையில் எண்கோணத்தைத் தேட வேண்டியதில்லை. 1010-இல் முதலாம் ராஜராஜன் முடித்த தஞ்சைப் பெரிய கோயிலில், சதுரமாக எழும் விமானத்தின் உச்சியில் இருப்பது எட்டுப்பட்டைச் சிகரம். லிங்கத்தின் அடிப்பாகம் சதுரம், நடுப்பாகம் எட்டுப்பட்டை, மேலே வட்டம். தூண்களிலும் சதுரத்திலிருந்து எட்டுக்கும், எட்டிலிருந்து பதினாறுக்கும் போவது வழக்கம்.

சதுரத்தின் மூலைகளைச் சீவித்தான் எண்கோணம் கிடைக்கும். எவ்வளவு சீவுவது என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். 10 அடிச் சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று சம பங்காகப் பிரித்து மூலைகளை வெட்டினால், நேர்ப்பக்கம் 3 அடி 4 அங்குலம், வெட்டிய பக்கம் 4 அடி எட்டரை அங்குலம். தூரத்திலிருந்து எண்கோணம் போலத்தான் தெரியும், ஆனால் அரைக்கால் சுற்றுச் சுற்றினால் பொருந்தாது.

சரியான வழி: சதுரத்துக்கு இரண்டு மூலைவிட்டமும் போட்டு நடுவைக் கண்டுபிடியுங்கள். ஒரு மூலை முளையில் நூலைக் கட்டி, நடுவரை நீளம் எடுத்து, அதே நீளத்தை அந்த மூலையைத் தொடும் இரு பக்கங்களிலும் அடையாளமிடுங்கள். நான்கு மூலைக்கும் இப்படிச் செய்தால் எட்டு அடையாளம். அவைதான் மூலைகள். ஒவ்வொரு மூலையிலும் 2 அடி 11 அங்குலம் சீவப்பட்டு, எட்டுப் பக்கமும் 4 அடி ஒன்றே முக்கால் அங்குலத்தை ஒட்டி வரும்.

பக்கங்கள் எட்டும் சமம் என்று கண்டதும் நிறுத்திவிடாதீர்கள். மூங்கில் சட்டம் நினைவிருக்கட்டும். ஒன்றுவிட்ட மூலைகளை இணைக்கும் எட்டுக் குட்டை மூலைவிட்டங்களையும் அளங்கள். எல்லாம் 7 அடி 8 அங்குலத்தை ஒட்டி வந்தால் எல்லாக் கோணமும் 135 பாகைதான், வேறு வழியில்லை. இந்தச் சோதனை எந்த ஒழுங்குப் பலகோணத்துக்கும் செல்லும்.

தளத்துக்குக் கல் பதிப்பவர்களுக்கு ஒரு வரி: ஒழுங்குப் பலகோணங்களில் ஒரே வடிவத்தை மட்டும் வைத்து இடைவெளியின்றிப் பதிக்க முக்கோணம், சதுரம், அறுகோணம் மூன்றால்தான் முடியும். எண்கோணக் கல் பதித்தால் நடுவில் சதுரக் கல்லும் வாங்க வேண்டும்.

ஐந்தும் ஏழும்

நாச்சியார்கோயில் குத்துவிளக்கின் ஐந்து முகத்தின் நுனிகளை மனதில் கோடிட்டு இணைத்தால் ஒழுங்கு ஐங்கோணம். முகத்துக்கு முகம் 72 பாகை. இதைத் தரையில் போட வட்டமே வேண்டாம், மூலைவிட்டம் போதும். ஐங்கோணத்தின் மூலைவிட்டம் பக்கத்தைப் போல 1.618 மடங்கு. பக்கம் 3 அடி என்றால் மூலைவிட்டம் 4 அடி பத்தே கால் அங்குலம். முதலில் 3 அடி இடைவெளியில் இரண்டு முளை. இரண்டிலிருந்தும் 4 அடி பத்தே கால் அங்குலத்தில் நூல்கள் சந்திக்கும் இடம் உச்சி முளை. பிறகு, அடி முளை ஒன்றிலிருந்தும் உச்சி முளையிலிருந்தும் 3 அடி 3 அடியாகப் பிடித்து, வெளிப்புறமாகச் சந்திக்கும் இடத்தில் பக்கத்து முளை. மறுபுறமும் அப்படியே.

ஏழு பிடிவாதக்காரன். குறியில்லாத அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு ஒழுங்கு எழுகோணத்தைத் துல்லியமாக வரைய முடியாது என்று 1837-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியர் வான்ட்செல் நிறுவிவிட்டார். ஆனால் கைவேலைக்குப் போதுமான ஒரு வழி உண்டு. வட்டத்துக்குள் சமபக்க முக்கோணம் போட்டு, அதன் பக்கத்தில் பாதியை எழுகோணத்தின் பக்கமாக வைத்துக்கொள்ளலாம். 10 அடி ஆர வட்டத்தில் அது 8 அடி எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஏழு முறை வைத்துச் சுற்றி வந்தால் தொடங்கிய இடத்துக்கு ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி விழும். அதை அப்படியே கடைசிப் பக்கத்தில் தள்ளிவிடாமல், ஒவ்வொரு பக்கத்திலும் கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூட்டி, 8 அடி எட்டு அங்குலமும் ஒரு நூலும் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) வைத்து மறுபடி சுற்றி வாருங்கள். மூடிவிடும்.